ஒற்றைக்கால் உதைகாரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை இருக்கும். லோ தாய் சமையலறைக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரு சின்ன மூங்கில் கூடை. கூடைக்குள் மூன்று இடியப்பம். ஒன்றின்மேல் சோயா சோஸ் ஊற்றியிருந்தது. இன்னொன்றை யாரோ குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தார்கள்.

"இது என்ன?" என்று கேட்டார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் அதற்கு வாய்ப்பே வந்ததில்லை.

லோ தாய் என்றால் கன்டனீஸில் திருமதி லோ. ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் என்கிற பகுதியின் கடைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் யம் சா சாப்பாட்டுக் கடையின் முதலாளி. யம் சா என்பது சீனர்களின் காலைச் சாப்பாடும் இல்லை, மத்தியானச் சாப்பாடும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு திருவிழா. சின்னச் சின்னக் கூடைகளில் அவித்த பலகாரங்களை வண்டியில் வைத்து மேசை மேசையாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பலகாரங்களை அவிக்கிற அடுப்படியில் நான் வேலை செய்தேன்.

அந்த வண்டிகளில் இடியப்பம் போகிற வழக்கம் கிடையாது. அன்றைக்குப் போனது.

திட்டில் படித்த மொழி

போன வாரம் இந்தப் பத்தியில், பெய்ரூட்டில் வேலை பார்த்த இரண்டு வருடத்தை எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் வேலை பார்த்தது ஹாங்காங்கில். இருபத்தொரு வயதில் மன்னாரிலிருந்து வீட்டு வேலைக்குப் போனேன். பதினோராவது மாடியில் ஐந்து பேர் உள்ள குடும்பம். நான் படுக்கிற இடம் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில். நான் காலை நீட்டினால் ஃபிரிஜ்ஜைத் திறக்க முடியாது. அதனால் அவர்கள் எல்லோரும் தண்ணீர் குடித்து முடிந்த பிறகுதான் காலை நீட்டுவேன். ஏழு வருடம்.

கன்டனீஸ் அங்கேதான் படித்தேன். புத்தகத்தில் அல்ல, திட்டில். திட்டு வாங்கிப் படித்த மொழி லேசில் மறக்காது.

அந்தச் சனம் வேலையைப் பற்றிக் கதைக்கும்போது பாதி சமையலறையில் நிற்கும், பாதி மிருகக்காட்சிச்சாலையில் நிற்கும். வேலைக்குப் போவது 'வான் சிக்', சாப்பாடு தேடுவது. வேலை நேரத்தில் ஒளிந்திருந்து சோம்பல் முறிக்கிறவன் 'சே வோங்', பாம்பு ராஜா. வியாபாரம் இல்லாத கடைக்காரன் ஈ அடிக்கிறான். இதை முதல் தடவை கேட்டபோது, அந்நிய ஊரில் சொந்தக்காரரைக் கண்டது போல இருந்தது. நம்மிடம் ஈயை ஓட்டுவார்கள், அவர்கள் அடித்தே விடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலையை விட்டு நிறுத்துவதற்கு 'சாவ் யாவ் யூ', கணவாய் பொரிப்பது என்று பெயர். சூடு பட்டதும் கணவாய்த் துண்டு சுருண்டுகொள்வது, வேலை போனவன் படுக்கையைச் சுருட்டுவது போல இருக்குமாம். மன்னார்க்காரிக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணவாய் சுருளுவதையும் பார்த்திருக்கிறேன், பாய் சுருட்டியும் இருக்கிறேன்.

ஒருநாள் எஜமானியம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னைக் காட்டி, "யாட் கெர்க் தெக்" என்றார். ஒற்றைக் காலால் உதைப்பது. நான் ஒரு கிழமை அவருடைய காலுக்கு எட்டாத தூரத்திலேயே நடமாடினேன். பிறகுதான் சந்தைக்காரி ஒருத்தி சொன்னாள்: சமையல், துணி, பிள்ளைகள், கிழவர், சந்தை எல்லாவற்றையும் தனியொருத்தியாகப் பார்க்கிறவளை அப்படிச் சொல்வார்களாம். முற்காலத்து வேலைக்காரிகளின் பட்டம்.

அர்த்தம் தெரிந்ததும் எனக்குப் பெருமை வந்துவிட்டது. என் கேட்டுக்கு அங்கேதான் கால்கோள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவளுக்குக் கிடைத்த ஒரே பட்டம் அல்லவா? அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாடு நாடாகத் திரிந்தேன்.

'தாக்' என்கிற வியாதி

ஆக்லாந்துக்குக் கலியாணம் கட்டி வந்தேன். கட்டியவர் மெல்போர்னுக்கு ஒரு மாதம் என்று போனார், அந்த மாதம் இன்னும் முடியவில்லை. அதை முன்பே எழுதியாகிவிட்டது. மிஞ்சியது நானும் மகள் அனிற்றாவும்.

அந்த ஞாயிறு வந்தபோது எனக்கு மூன்று வேலைகள். வார நாட்களில் விடியப்புறம் நகர மையத்தில் ஓர் அலுவலகக் கட்டடம் துடைப்பது. வியாழன் முதல் ஞாயிறு வரை லோ தாயின் கடை. செவ்வாயும் புதனும் மனுகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சலவை. நடுநடுவே, எங்கள் மாதா கோயில் ஆட்கள் யாராவது கேட்டால் இடியப்பம், ரோல்ஸ், கட்லட்.

கன்டனீஸில் 'கே ஙாவ் வான் மா' என்பார்கள். மாட்டின்மேல் சவாரி செய்துகொண்டே குதிரை தேடுவது. இருக்கிற வேலையை விடாமல் நல்ல வேலைக்கு அலைகிறவனைச் சொல்வது. நான் அந்த ரகம்கூட இல்லை. மாட்டின்மேல் இருந்துகொண்டு இன்னும் இரண்டு மாடு தேடினேன்.

யார் எதைக் கேட்டாலும் என் வாயில் வருவது 'தாக்'. முடியும், சரி, ஆகட்டும் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். தமிழாட்களிடம் அதே வேகத்தில் 'ஓம்' வரும். முடியாது என்று சொல்ல எனக்கு இரண்டு மொழியிலும் சொல் தெரியும். வாய் திறக்காது.

இந்த நேரத்தில்தான் நாங்கள் இருந்த கராஜுக்கு வில்லங்கம் வந்தது. ஒரு வீட்டின் கார் நிறுத்தும் அறையைத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில்தான் ஆறு வருடம். அனிற்றா வாஷிங் மெஷினின் மேல் புத்தகத்தை விரித்துப் படிப்பாள். மெஷின் சுற்றுகிற நாளில் அவள் எழுத்து ஆடும். வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொல்லி, எட்டுக் கிழமையில் வெளியேறச் சொன்னார்.

பக்கத்திலேயே இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்கு வந்தது. ஏஜென்ட் கேட்டது ஒரு கடிதம். நிரந்தர வேலை, வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்று ஒரு முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம். என்னிடம் மூன்று முதலாளிகள் இருந்தார்கள், ஒரு நிரந்தர மணித்தியாலம்கூட இல்லை. மூன்று இடத்திலும் கூப்பிட்டால் போகிறவள்.

"கடிதம் இல்லாட்டி வீடும் இல்லை, அம்மா," என்றாள் அனிற்றா ஆங்கிலத்தில். அவள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் சொல்வாள். கெட்ட செய்தியை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வாள்.

லோ தாயிடம் கேட்டேன். லோ தாய் பேசுவது கன்டனீஸ், என் காதில் அது மன்னார்த் தமிழாக விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

"அவிக்கிற அடுப்படிக்கு எனக்கும் ஒரு நிரந்தர ஆள் வேணும். ஞாயிற்றுக்கிழமை நீ தனிய நிண்டு செய். திறப்பு இந்தா. பத்து மணிக்கு நான் வரேக்க எல்லாம் ஆவி பறக்க நிக்க வேணும். ஒழுங்காப் போனா திங்கட்கிழமை கடிதம் தாறன்."

"தாக்," என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் பிலோ மச்சாள் தொலைபேசியில் வந்தாள். என் அண்ணாவின் மனைவி, கோயில் திருவிழாச் சமையலின் தலைவி.

"எடி லூர்து, ஞாயிற்றுக்கிழமை திருவிழா. முந்நூறு இடியப்பம் வேணும். சொதியும் சம்பலும் மற்றவையள் பார்ப்பினம். உன்ர கை இடியப்பம் எண்டாத்தான் சனம் சாப்பிடும்."

இந்தக் கடைசி வசனம் இருக்கிறதே, அதைச் சொல்லி என்னைப் பாழுங்கிணற்றிலும் இறக்கலாம்.

"ஓம் மச்சாள்," என்றேன்.

ஆவி பறக்கும் கூடைகள்

என் கராஜில் இருந்தது ஒற்றை அடுப்பு. அதில் முந்நூறு இடியப்பம் அவித்தால் அடுத்த வருடத் திருவிழாவுக்குத்தான் கொடுக்கலாம். லோ தாயின் கடையில் ஆள் உயரத்துக்கு மூன்று ஆவி அடுப்பு. சட்டைப் பையில் திறப்பு. ஞாயிறு காலை பத்து மணி வரை அங்கே எவரும் வரப்போவதில்லை. மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

காலை ஆறு மணிக்கு இடியப்பம் பிழிகிற உரலும் மாவுமாக உள்ளே போனேன். என்னிடம் இருந்த தட்டுகள் போதவில்லை, கடையின் மூங்கில் கூடைகளை எடுத்துக்கொண்டேன். கூடைக்கு மூன்றாகப் பிழிந்து அடுக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த மூங்கில் கூடைக்கும் இடியப்பத்துக்கும் நல்ல பொருத்தம். ஒட்டாமல், பூப்போல எழுந்து வந்தது. இந்த ஊரிலேயே கெட்டிக்காரி நான்தான் என்று எனக்குள் ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது.

எட்டரைக்கு அண்ணா வான் வண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. நூற்றெண்பது இடியப்பத்தைப் பெட்டிகளில் அடுக்கிப் பின்கதவில் வைத்தேன். இன்னும் நாற்பது கூடை அடுப்பில். எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. அண்ணா வரவில்லை.

சொல்லிவிட்டு வராமல் விடுவதற்கு ஹாங்காங்கில் 'ஃபோங் ஃபெய் கெய்' என்பார்கள், விமானம் பறக்கவிடுவது. அன்றைக்கு என் தலைக்கு மேலே ஒரு முழு விமானநிலையம் இயங்கியது.

ஒன்பதரைக்கு மேல் பொறுக்க முடியாது. இறால் வைத்த ஹார் காவ், இறைச்சி வைத்த சியு மாய், பன்றி இறைச்சி பன் எல்லாம் அடுப்பில் ஏற வேண்டும். நாற்பது கூடையையும் கடைசி அடுப்பின் அடித்தட்டில் தள்ளி, மேலே பன் கூடைகளை அடுக்கி மறைத்தேன். பத்து மணிக்கு லோ தாய் வந்து எட்டிப் பார்த்து, ஆவி பறப்பதைக் கண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு.

பதினொரு மணிக்கு வெளியே ஒரு நாற்காலி காலி இல்லை. வண்டி தள்ளுகிற ஆ ஃபோங் வேலைக்குச் சேர்ந்து மூன்று கிழமைதான். ஐம்பது வயதிருக்கும். சீனாவிலிருந்து மகனிடம் வந்தவள், மருமகளோடு ஒத்துவராமல் தனியாக இருக்கிறாள். எதைக் கண்டாலும் பயம். கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்று நினைப்பு.

"அக்கா, பன் முடிஞ்சுது!" என்று உள்ளே வந்தாள்.

நான் அப்போது பின்கதவில் நின்று நாலாவது தடவையாக அண்ணாவுக்கு அழைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமல், "கடைசி அடுப்பு, எடுத்துக்கொண்டு போ!" என்று கத்தினேன்.

எடுத்துக்கொண்டு போனாள். மேலே இருந்ததையும் எடுத்தாள், கீழே இருந்ததையும் எடுத்தாள்.

மூடியைத் திறந்து பார்த்தவளுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. யாரிடமும் கேட்கவும் பயம். வண்டி தள்ளுகிறவர்கள் பலகாரத்தின் பெயரைக் கூவ வேண்டும். அவளாகவே ஒரு பெயர் வைத்து, "வெள்ளி நூல் மா! சுடச்சுட வெள்ளி நூல் மா!" என்று கூவியிருக்கிறாள். பெயர் நன்றாக இருந்ததால் பத்தொன்பது கூடை போய்விட்டது. பத்தொன்பது மேசையில் சனம் மூடியைத் திறந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மிளகாய் எண்ணெய் ஊற்றியும் சோயா சோஸ் ஊற்றியும் போராடியிருக்கிறது. ஒரு பெரியவர் லோ தாயைக் கூப்பிட்டு, "உள்ளுக்க இறைச்சி போட மறந்துபோனியளோ?" என்று கேட்டிருக்கிறார்.

முதுகில் ஏறிய சட்டி

இனி முதல் காட்சிக்கு வரலாம். லோ தாய், கூடை, "இது என்ன?"

அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆ ஃபோங்கைப் பார்த்துக் கேட்டார். வண்டியில் கொண்டுபோனவள் அவள்தானே.

"எனக்குத் தெரியாது, லோ தாய்... அடுப்பில இருந்தது," என்றாள். கை ஏப்ரனைப் பிசைந்தது.

"தெரியாததை வாடிக்கையாளருக்குக் குடுப்பியோ? எங்கையிருந்து எடுத்தனி? ஆர் செய்தது? வாயில என்ன, பன்னோ?"

பிறருடைய பிழையைத் தான் ஏற்பதைக் கன்டனீஸில் 'மே வொக்' என்பார்கள். கரிச் சட்டியை முதுகில் சுமப்பது. என் சட்டி ஆ ஃபோங்கின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதை இறக்கக்கூடத் தெரியாமல் நின்றாள்.

நான் உடனே முன்னால் வந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. ஒரு ஹார் காவ் கூடையின் மூடியைத் திறந்து பார்த்தேன், திரும்ப மூடினேன். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது இரண்டு அறை வீடு. வாயைத் திறந்தால் கடிதம் இல்லை. திறக்காவிட்டால் கணவாயாகப் பொரிபடப் போவது ஆ ஃபோங். இரண்டாவது மூடியையும் திறந்து மூடினேன். மூன்றாவது மூடிக்குக் கை போகும்போது ஆ ஃபோங் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. என்னிடம் உதவி கேட்கிற பார்வை.

"நான்தான் செய்தது," என்றேன். "எங்கட கோயிலுக்கு. விடியவே வந்து உங்கட அடுப்பில அவிச்சனான். அவளை நான்தான் எடுக்கச் சொன்னனான்."

லோ தாய் சோஸ் படாத இடியப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார்.

"ருசி இல்லை."

"தேங்காய்ப்பால் சொதியோட சாப்பிட வேணும்."

"எண்ணெய் இல்லை."

"அதுக்கு எண்ணெய் தேவையில்லை."

"எத்தினை கூடை?"

"நாப்பது. பின்கதவில இன்னும் நூற்றெண்பது இடியப்பம் கிடக்கு."

லோ தாய் பின்கதவைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "சனம் நிக்குது. வேலையை முடி. மூண்டு மணிக்குக் கதைப்பம்."

பத்தொன்பது மேசைக்கும் அவரே போய்க் கும்பிடாத குறையாகக் குனிந்து, முட்டை டார்ட் கொடுத்துச் சமாளித்தார். 'போ வொக்', சட்டிக்கு ஒட்டுப் போடுவது என்று அதற்கும் ஒரு சொல் இருக்கிறது. நான் ஓட்டை போட்ட சட்டிக்கு முதலாளி ஒட்டுப் போட்டார்.

நாலு செக்கன்

மூன்று மணிக்கு என்னை ஒரு மேசையில் உட்காரவைத்தார். அந்தக் கடையில் நான் கதிரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எங்கே கையை வைப்பதென்று தெரியவில்லை.

"உனக்கு எத்தினை வேலை? சொல்லு."

சொன்னேன். அவர் விரல் விட்டார். கோயில் சமையலுக்கு வந்தபோது மற்றக் கையையும் எடுத்தார்.

"நாப்பது கூடையை ஒளிச்சு வைச்சுக்கொண்டும் ஒரு ஹார் காவ்கூட உடையாமல் அவிச்சிருக்கிறாய். வேலை தெரியும். அதாலதான் இன்னும் இதில இருக்கிறாய். ஆனா, நாலு இடத்தில நிக்கிற மனிசிக்கு நிரந்தர வேலையெண்டு நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது? போனை எடு. மற்ற எல்லாருக்கும் இனி ஏலாதெண்டு சொல்லு. என்ர முன்னால."

"இப்பவோ?"

"இல்லை, நான் செத்தாப் பிறகு."

சண்டைக்கால மன்னாரில் வள்ளம் ஏறியபோதும் நான் அவ்வளவு பயந்ததில்லை. நான் போனால் அந்த அலுவலகக் கட்டடம் குப்பையில் மூழ்கிவிடும், முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு இல்லாமல் கிழடுகள் குளிரில் நடுங்கும் என்று உண்மையாகவே நம்பினேன்.

அலுவலகத் துப்புரவு மேற்பார்வையாளரை அழைத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இனி வர முடியாது, மன்னிக்க வேண்டும் என்றேன்.

"நோ வொரீஸ். திறப்பை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடு," என்றார். வைத்துவிட்டார். நாலு செக்கன் இருக்கும். ஐந்து வருடம் துடைத்த கட்டடம்.

முதியோர் இல்லத்துக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதோடு சரி.

மிஞ்சியது பிலோ மச்சாள். அவளுக்குத்தான் அதிகம் பயந்தேன். முந்நூறு பேர் பசியோடு நிற்பார்கள், பாதர் நிற்பார், பழி என் தலையில்.

"மச்சாள், இடியப்பம்..."

"எங்கையடி நிக்கிறாய்? உன்ர அண்ணர் திருவிழாச் சொரூபம் தூக்கப் போயிட்டார், போனை வானுக்குள்ள விட்டிட்டு. நீதானே எல்லாத்தையும் எப்பிடியாவது சமாளிக்கிறனி, நீயே கொண்டு வருவாய் எண்டு நினைச்சிட்டாராம்."

"சனம் சாப்பிடேல்லையோ?"

"ஏன் சாப்பிடேல்லை? மூலைக்கடை டெயரியில பாண் வாங்கி வெட்டிப் போட்டம். சொதிக்குள்ள தோய்ச்சு ஒரு பிடி பிடிச்சிட்டினம். பிள்ளையளுக்குப் பாண்தான் நல்ல விருப்பம். அடுத்த வருசமும் பாண் போடுவமெண்டு கதைச்சவை."

"என்ர கை இடியப்பம் எண்டாத்தான்..." என்று இழுத்தேன்.

"அது சும்மா சொல்லுறதடி."

போனை வைத்தேன். லோ தாய்க்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"ஆரும் சாகேல்லையோ?"

"இல்லை."

"அதுதான் உனக்குக் கவலை," என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே, பாத்திரம் கழுவுகிறவர்களும் ஆ ஃபோங்கும் இடியப்பப் பெட்டிகளைத் திறந்து, வாத்து இறைச்சிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆ ஃபோங் மூன்றாவது தடவை போட்டுக்கொண்டாள். பயந்தவளுக்குப் பசி கூடத்தான்.

திங்கட்கிழமை கடிதம் கிடைத்தது. நிரந்தர வேலை, வாரத்துக்கு முப்பத்தைந்து மணித்தியாலம், கீழே லோ தாயின் கையெழுத்து. அனிற்றா அதைப் படம் பிடித்து ஏஜென்டுக்கு அனுப்பினாள். அதே கிழமையில் வீடு எங்களுக்கு என்று பதில் வந்தது.

குடிபோன நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. சாமான் அதிகம் இல்லை, மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அனிற்றா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பதினாறு வருடத்தில் அவள் தனக்கென்று சாத்திய முதல் கதவு. நான் வெளியே நின்றேன். வியாழக்கிழமை வரை என்னை யாரும் எதற்கும் கூப்பிடப் போவதில்லை.

கதவைத் தட்டினேன்.

"வாட்?"

"தேத்தண்ணி குடிக்கிறியோ?"

"நோ."

துடைத்த குசினியை இன்னொரு தடவை துடைத்தேன். திரும்ப வந்து தட்டினேன், பசிக்கிறதா என்று கேட்டேன். பசிக்கவில்லையாம். யன்னல் திரையை மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். மூன்றாவது தடவை தட்டியபோது என்ன கேட்பதென்றே யோசித்திருக்கவில்லை.

உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு குரல் வந்தது, மிக மெதுவாக:

"அம்மா, ப்ளீஸ். கெட் அனதர் ஜாப்."